பிள்ளைக்கு முட்டியில் அடி: எக்ஸ்ரே போதுமா, எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா?

தருமபுரி பக்கம் ஒரு பிள்ளைக்கு முட்டியில் அடிபட்டால் சாயங்காலத்துக்குள் நாலு யோசனை வந்து சேர்ந்துவிடும். பாட்டி உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்வார். தாத்தா எலும்புக்குக் கட்டு போட புத்தூருக்குக் கிளம்பச் சொல்வார். பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் சித்தப்பா போனில், "எதுக்கு வம்பு, நேரா ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துருங்க" என்பார். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். முடிவெடுக்க வேண்டிய அப்பா அம்மாவுக்குத்தான் தலை சுற்றும்.

பிசியோதெரபி என் தொழில். பிள்ளைகள் என்னிடம் வருவது இந்தக் குழப்பமெல்லாம் முடிந்த பிறகு, பெரும்பாலும் கையில் ஒரு பெரிய ஸ்கேன் கவரோடு. அந்தக் கவர் இல்லாவிட்டால் காலே கெட்டுப் போயிருக்கும் என்கிற பிள்ளைகளும் உண்டு. எதற்கு எடுத்தார்கள் என்றே புரியாத பிள்ளைகளும் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எம்.ஆர்.ஐ. நல்ல சோதனை, ஆனால் முதல் சோதனை அல்ல. "இதை எடுத்தால் சிகிச்சை மாறுமா டாக்டர்?" என்று கேளுங்கள். மாறும் என்றால் கடன் வாங்கியாவது எடுக்கலாம். மாறாது என்றால் அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பிள்ளை முட்டி வேறு

பெரியவர்கள் காலை முறுக்கிக்கொண்டால் ஜவ்வு கிழியும். பத்து வயதுப் பிள்ளைக்கு அதே முறுக்கில் ஜவ்வு பல நேரம் தாங்கிவிடும், அது பிடித்திருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்துவிடும். மாடு இழுக்கிற இழுப்பில் கயிறு அறாமல் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வருகிற மாதிரி. முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கீழ்க்கால் எலும்பின் உச்சியில் ஒட்டியிருக்கும் இடம் இப்படிப் பெயர்வது எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் அதிகம். சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிற அடி இது. பெயர்ந்தது எலும்பு என்பதால் சாதாரண எக்ஸ்ரேயிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கம், பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கிற வளர்ச்சித் தட்டு. தொடை எலும்பின் கீழ் முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையிலும் குருத்தெலும்பாக இருக்கும் தட்டுகள் இவை. கால் நீளமாவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த முட்டிப் பக்கத் தட்டுகளில்தான் நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் பையன்களுக்குச் சுமார் 16 வயதிலும் இவை மூடிவிடும். அதுவரை எக்ஸ்ரேயில் ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரியும். தட்டில் அடிபட்டும் எலும்பு இடம் மாறாமல் இருந்தால் எக்ஸ்ரே எதையும் காட்டாமல் போகலாம்.

ஆக, எக்ஸ்ரே பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகவும் உதவும், சில சமயம் ஏமாற்றவும் செய்யும். எம்.ஆர்.ஐ. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் கை

அனுபவமுள்ள எலும்பு டாக்டர் முட்டியைத் தொடும் முன் இரண்டு கேள்வி கேட்பார். கால் எப்படி மடங்கியது? வீக்கம் எப்போது வந்தது? இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. விழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி புடைத்துக்கொண்டால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்: ஜவ்வு கிழிசல், எலும்புப் பெயர்ச்சி, முட்டிச்சில்லு விலகல் என்று பெரிய காரணம் ஏதோ ஒன்று இருக்கும். மறுநாள் காலையில் மெதுவாக வந்த வீக்கம் பெரும்பாலும் நீர். அதனால் பிள்ளை விழுந்த நேரத்தையும் வீக்கம் தெரிந்த நேரத்தையும் ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். வாத்தியாரிடமும் கூட விளையாடின பிள்ளைகளிடமும் கேட்டால் சொல்வார்கள்.

பரிசோதனையை நல்ல காலிலிருந்துதான் தொடங்குவார். பிள்ளைகளுக்கு மூட்டு இயல்பிலேயே கொஞ்சம் தளர்வு. இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தளர்வு என்று தெரிந்தால்தான் அடிபட்ட காலில் எது அதிகம் என்று சொல்ல முடியும். முட்டியை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னுக்கு இழுப்பார். ஒரு இடத்தில் டக்கென்று நின்றால் ஏ.சி.எல். வேலை செய்கிறது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பிள்ளைகளின் முட்டியில், பழகிய எலும்பு டாக்டரின் கைப் பரிசோதனை எம்.ஆர்.ஐ.க்கு ஈடாகவும் சில அடிகளில் அதற்கு மேலாகவும் இருப்பதை 1990களின் கடைசியிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒரு தடை உண்டு. அடிபட்ட அன்றைக்கு வலியில் பிள்ளை தொடையை இறுக்கிக்கொள்ளும், கையை வைக்கவே விடாது. அதனால்தான் பல டாக்டர்கள் முட்டிக்கு ஒரு பெல்ட் போட்டு, ஐஸ் வைக்கச் சொல்லி, ஏழு முதல் பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். இதை அலட்சியம் என்று நினைத்து அன்றைக்கே வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பெற்றோர்கள் அதிகம். வீக்கம் வடிந்த பிறகு செய்கிற இரண்டாவது பரிசோதனை முதல் நாள் பரிசோதனையைவிடப் பல மடங்கு தெளிவாக இருக்கும்.

எல்லா இடத்திலும் இப்படிப் பொறுமையாகப் பார்க்கிறார்களா என்றால் இல்லை. என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு இடத்தில் பேண்ட்டுக்கு மேலேயே முட்டியை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாதிரிச் சீட்டோடு ஸ்கேன் சென்டருக்கு ஓடுவதைவிட, முட்டியைத் திறந்து பார்க்கிற இன்னொரு டாக்டரைத் தேடுவது மேல். அவருடைய ஃபீஸ் ஸ்கேன் கட்டணத்தில் ஒரு சின்னப் பகுதிதான்.

எக்ஸ்ரே: எப்போது, எதை

கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1990களில் ஒரு எளிய விதி வகுத்தார்கள். வயதானவர்களுக்கான அம்சத்தை விட்டுவிட்டால் அது இவ்வளவுதான். அடிபட்டவர் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, முட்டியைத் தொண்ணூறு டிகிரி மடக்க முடியவில்லை, முட்டிச்சில்லை மட்டும் தொட்டால் வலிக்கிறது, முட்டிக்கு வெளிப்பக்கம் கீழே துருத்தியிருக்கும் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடு, ஒன்றுமே இல்லை என்றால் தேவையில்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. நாலு அடி நடக்க வைத்துப் பார்ப்பதை வீட்டிலேயே செய்யலாம். நொண்டி நடந்தாலும் கணக்குதான்.

முட்டி எக்ஸ்ரேயில் படும் கதிர்வீச்சு மிகக் குறைவு. ஒரு நாளில் இயற்கையாக நம்மேல் படுகிற அளவுக்குள் அடங்கிவிடும். பயப்பட வேண்டாம். ஆனால் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படமாவது வேண்டும். சில்லு விலகியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் முட்டியை மடக்கி மேலிருந்து எடுக்கும் படமும் வேண்டும்.

அடிபட்ட ஞாபகமே இல்லாமல், அல்லது ஏதோ சின்ன அடிக்குப் பிறகு, வாரக்கணக்கில் முட்டி வலி என்று சொல்லும் பிள்ளை. முட்டியைத் தொட்டால் வலியில்லை, வீக்கமும் இல்லை. இப்படி ஒரு பிள்ளைக்கு முட்டி எம்.ஆர்.ஐ. எடுப்பது வீண். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தால் பிள்ளைகளுக்கு வலி முட்டியில் தெரியும். உடம்பு கொஞ்சம் கனமான, பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து சறுக்குகிற நோய் ஒன்று உண்டு. அது முட்டி வலியாகவே வந்து நிற்கும். முட்டி ஸ்கேன் சுத்தமாக இருக்கும், வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள், அதற்குள் இடுப்பில் எலும்பு இன்னும் சறுக்கிவிடும். இதைப் பிடிக்க இடுப்பு எக்ஸ்ரே போதும். "இடுப்பையும் பாத்துட்டீங்களா சார்?" என்று நீங்களே கேட்டாலும் தப்பில்லை.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சங்கதியும் இங்கே வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமான மாவட்டங்கள். 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். இன்னும் போர் தண்ணீரையே குடிக்கும் ஊர்களில், முட்டி இரண்டும் இடித்துக்கொள்கிற மாதிரி கால் வளைந்து, மூட்டு வலிக்கிறது என்று வரும் பிள்ளைக்கு எக்ஸ்ரேயும் கால்சியம், வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையும்தான் முதலில் வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு அங்கே வேலை இல்லை.

மற்றவை

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மலிவு, பிள்ளை அசைந்தாலும் பரவாயில்லை. முட்டிக்குள் நீர் இருக்கிறதா, சில்லுக்கு மேலும் கீழும் உள்ள தசைநாண் அறுந்திருக்கிறதா என்று சொல்லும். உள்ளே ஆழத்தில் இருக்கும் ஏ.சி.எல்.லையும் குருத்தெலும்பையும் அதை நம்பி முடிவு செய்ய முடியாது. சி.டி. ஸ்கேன், உடைந்த எலும்பை ஆபரேஷன் செய்யப் போகும் டாக்டர் வழி பார்ப்பதற்கு. அவரே கேட்டால் எடுங்கள், மற்றபடி கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிட அதிகம். துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோபி இன்றைக்குச் சிகிச்சைதான். நோய் கண்டுபிடிக்க மட்டும் அதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

புத்தூர் கட்டு பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்து ஆள் எழுதிய கட்டுரை ஆகாது. கை எலும்பு முறிந்து அங்கே கட்டி, சரியாகி வந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஜனங்களின் நம்பிக்கை சும்மா வந்ததில்லை. ஆனால் பிள்ளைகளின் முட்டியில் அடிபட்டபோது நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். காரணம் இரண்டு. வளர்ச்சித் தட்டு உடைந்திருந்தால் அது படம் பார்த்துத்தான் தெரியும், தொட்டுப் பார்த்து முழுதாகத் தெரியாது. அதோடு, முட்டிக்குப் பின்னால் காலுக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய தமனி எலும்பை ஒட்டியே ஓடுகிறது. வீங்கிக்கொண்டே போகும் காலில் இறுக்கமான கட்டு விழுந்தால் விரல் வரை ரத்தம் போகாமல் நின்றுவிடும் அபாயம் உண்டு. கட்டு போட்ட பிறகு பாதம் சில்லிட்டாலோ, மரத்தாலோ, வெளுத்தாலோ, விரலை நீட்டினால் பிள்ளை அலறினாலோ உடனே கட்டைப் பிரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாவுக்கட்டுக்கும் இதே விதிதான்.

எம்.ஆர்.ஐ. எப்போது தள்ளிப்போடக் கூடாது

முட்டி மாட்டிக்கொண்டது, முழுதாக நீட்டவே முடியவில்லை. மூட்டுக்கு மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து, மடங்கி உள்ளே சிக்கியிருக்கலாம். இதற்குச் சீக்கிரம் ஸ்கேன் வேண்டும். தையல் போட்டுக் காப்பாற்றக்கூடிய மெனிஸ்கஸைக் காலதாமதத்தில் வெட்டி எடுக்க நேர்ந்தால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதற்கு விலை கொடுக்கும்.

இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் கட்டி வீங்கியது, ஆனால் எக்ஸ்ரே சுத்தம். இதில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ஏதாவது ஒன்றைக் காட்டும்.

முட்டிச்சில்லு ஒரு பக்கம் விலகித் தானாகவே திரும்பி வந்துவிட்டது. வலி குறைந்ததும் பிள்ளை ஓடப் பார்க்கும், வீட்டிலும் விட்டுவிடுவார்கள். விலகும்போது குருத்தெலும்போடு ஒரு சிறு துண்டு பெயர்ந்து மூட்டுக்குள் மிதக்கலாம்; எக்ஸ்ரேயில் இது கணிசமாகத் தவறிப்போகும்.

கையால் பார்த்ததில் ஏ.சி.எல். தளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்பேன். ஜவ்வு போய்விட்டது என்பதை உறுதி செய்ய மட்டும் இல்லை. கூடவே மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறதா, வளர்ச்சித் தட்டு இன்னும் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் ஆபரேஷனை எப்போது, எந்த முறையில் செய்வது என்பதை மாற்றும். முன்பெல்லாம் "வளர்ந்து முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடுவார்கள். அந்தக் காலத்தில் முட்டி அடிக்கடி நழுவி நழுவி, நன்றாக இருந்த மெனிஸ்கஸும் கிழிந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தப் பழக்கம் குறைந்தது.

வளர்ச்சித் தட்டில் அடி என்று சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். தொடை எலும்பின் கீழ்த் தட்டு அடிபட்டால் வளர்ச்சி நின்றுபோகும் வாய்ப்பு மற்ற இடங்களைவிட அதிகம்.

எதற்கு வேண்டாம்? முட்டிக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கம் ஒரு மேடு தட்டி, ஓடினாலும் முட்டி போட்டாலும் வலிக்கிறது என்று வரும் வளரும் வயதுப் பிள்ளைகள் ஏராளம். கபடிக்கும் வாலிபாலுக்கும் பள்ளிகளில் குறைவில்லாத ஊர் இது. சில்லுத் தசைநாண் அந்த இடத்து வளர்ச்சி எலும்பை இழுத்து இழுத்து வரும் வலி அது. பார்த்தாலே தெரியும். தொடைத் தசைகளை நீட்டும் பயிற்சியும் கொஞ்ச நாள் விளையாட்டுக் குறைப்பும் போதும்.

ஒரே ஒரு நிலையில் எந்த ஸ்கேனுக்கும் வரிசையில் நிற்கக் கூடாது. காய்ச்சல், முட்டி சுட்டுக்கொண்டு வீக்கம், கால் ஊன்றவே மறுக்கிற பிள்ளை. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரி. அதேபோல், அடிபட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ராத்திரியில் எழுப்புகிற வலி, நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம் என்றால் அன்றே எக்ஸ்ரே. எலும்புக் கட்டி வளரும் வயதில் அதிகம் வருவது முட்டியைச் சுற்றித்தான்.

எங்கே எடுப்பது

தருமபுரியில் 2008இலிருந்தும் கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியிலிருந்தும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எலும்புப் பிரிவு இருப்பதால் கைப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அங்கேயே ஆகிவிடும். அரசு ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. தனியாரைவிட நன்றாகவே மலிவு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். அங்கே விலை என்பது காத்திருக்கும் நாட்கள். முட்டி மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அது கட்டுப்படியாகாது. கால் மெதுவாகத் தேறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தாராளமாகக் காத்திருக்கலாம்.

தனியார் சென்டர் என்றால் கேட்க வேண்டியது எந்திரம் எத்தனை டெஸ்லா என்று. டெஸ்லா என்பது காந்த சக்தியின் அளவு. 1.5 டெஸ்லாவும் முட்டியைச் சுற்றி வைக்கிற தனிக் கருவியும் (காயில் என்பார்கள்) இருந்தால் பிள்ளையின் முட்டிக்குப் போதும். இரண்டு பக்கமும் திறந்த, குறைந்த காந்த சக்தி எந்திரத்தில் பிள்ளைக்குப் பயம் குறையும், ஆனால் சின்ன முட்டியின் மெல்லிய ஜவ்வுகளும் குருத்தெலும்பும் அவ்வளவு தெளிவாக விழாது. அதற்காக 3 டெஸ்லா தேடி பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா? ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு பெங்களூர் பக்கம், போய்வரலாம். அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் வீங்கின காலோடு பிள்ளையை அவ்வளவு தூரம் இழுத்துப் போவதில் லாபம் இல்லை. தருமபுரியிலோ தொப்பூர் இறங்கி சேலத்திலோ எடுத்தால் போதும். தூரம் போவதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: பிள்ளைகளின் எலும்பை மட்டும் பார்க்கும் டாக்டர். படத்தை இங்கே எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்க அங்கே போகலாம்.

ஸ்கேன் நாள்

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. ஆபத்து காந்தத்தில்தான்: 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு, அதுவும் ஸ்கேன் ஓடாதபோதும் எந்நேரமும் இருக்கும். வீட்டிலிருந்தே கழற்றிவிட்டுப் போங்கள்: கொலுசு, அரைஞாண், தாயத்து, ஹேர்பின். எல்லோரும் மறப்பது ஊக்கு. அம்மாவின் தாலிச்சரட்டிலும் சேலை மடிப்பிலும் பாவாடை நாடா ஓரத்திலும் நாலைந்து இருக்கும். பிள்ளையோடு உள்ளே போகிறவர் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். காதுக்குள் கருவி பொருத்திய பிள்ளை, முன்பு ஆபரேஷனில் பிளேட் வைத்த பிள்ளை என்றால் சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அரை மணி நேரம் முட்டி அசையாமல் இருக்க வேண்டும். தலை பெரும்பாலும் குழாய்க்கு வெளியிலோ ஓரத்திலோதான் இருக்கும். இதை முன்கூட்டிச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். தட் தட் என்று சத்தம் பலமாக வரும், காதில் அடைப்பு வைப்பார்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் சொன்னால் கேட்டுப் படுத்துவிடும். சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். அப்போது சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், மயக்க டாக்டர் கூடவே இருக்க வேண்டும். அவர் இல்லாத சென்டரில் "ஒரு சிரப் குடுத்தா தூங்கிடும்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்கு முன் எழுதின டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் மெனிஸ்கஸில் ரத்த ஓட்டம் அதிகம். அது படத்தில் வெள்ளையாகத் தெரிந்து "கிரேடு 2" என்று எழுதப்பட்டிருக்கும். அது கிழிசல் இல்லை. வளர்ச்சித் தட்டு மூடப்போகும் வயதில் அதைச் சுற்றி எலும்புக்குள் வீக்கம் மாதிரி தெரிவதும் பல நேரம் இயல்புதான். பெரியவர்களின் படங்களையே தினமும் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் இதை நோய் என்று எழுதிவிடக்கூடும். அந்த ஒரு வரிக்காகப் பத்து வயதுப் பிள்ளையை மூன்று மாதம் படுக்க வைத்து, தொடை சூம்பிய பிறகு என்னிடம் கூட்டி வந்த குடும்பங்கள் உண்டு.

ஃபிலிமோடு படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் பொறுக்கியெடுத்த படங்கள்தான் இருக்கும், டிஸ்க்கில் எல்லாம் இருக்கும். வளர்ச்சித் தட்டில் அடிபட்ட பிள்ளையை ஆறு மாதம் கழித்தும், அதற்குப் பிறகும் சில முறை டாக்டர் வரச் சொல்வார். இரண்டு காலும் சமமாக வளர்கிறதா, தட்டின் நடுவில் எலும்பு பாலம் கட்டிவிட்டதா என்று அப்போது பழைய படத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.